நம் ஓட்டு எவருடைய பாட்டன் சொத்தும் அல்ல!

(அம்பாங்கானில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் மணி அடித்தால் போதும், நம்மைத் தேடி யார் யாரோ வருகிறார்கள். கோயிலுக்கு ஒரு காசோலை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாக்குறுதி, வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. "இந்தியர்களுக்கு இது போதும்" என்பது அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தப்பு, நாம் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2004 பொதுத்தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றது. நம் ஓட்டு கூண்டுக்குள் அடைத்த கோழி மாதிரி, எங்கேயும் போகாது என்று நம்பினார்கள். நான்கே ஆண்டுகள்! 2007 ஆகஸ்டில் புத்ராஜெயாவில் இண்ட்ராப் 18 கோரிக்கைகளைக் கொடுத்தது. அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளி நெருங்கும் நேரத்தில், பாடாங் ஜாவா மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25-இல் பல்லாயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள். கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும்தான் பதிலாக வந்தன. டிசம்பரில் ஐவரை இசா சட்டத்தில் அடைத்தார்கள். 2008 மார்ச் 8-ஆம் தேதி மக்கள் பதில் சொன்னார்கள். ம.இ.கா.வுக்கு மிஞ்சியது 3 நாடாளுமன்ற இடங்கள். 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தன் கையில் வைத்திருந்த தலைவர் சாமிவேலுவே தோற்றார். தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. நம் நெகிரி செம்பிலானில் 36 சட்டமன்ற இடங்களில் 15 எதிர்க்கட்சிகளுக்குப் போயின.

இதைக் கோயில் கோபம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. கோயில் தீப்பொறி, அவ்வளவுதான். காய்ந்த சருகு எத்தனையோ ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. தோட்டத்தை விற்றதும் லயத்தை விட்டு வெளியேறு என்ற உத்தரவு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, பலகைச் சுவரோடு நின்ற பள்ளிக்கூடம், அன்றாடக் கூலியில் ஓடிய வாழ்க்கை. இவைதாம் அந்தச் சருகு.

இது நம் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் இருக்கிறார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து வேரூன்றியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்தார்கள். குடியேற்றத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் ஓட்டு நம் சட்டைப்பையில் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கருத்துக்கணிப்புகளில் அவர்கள் திரும்பத் திரும்ப முன்னால் வைத்தது விலைவாசி, வேலை, மருத்துவச் செலவு ஆகியவற்றை. டெக்சாஸ் எல்லையில் ஸ்டார் என்றொரு மாவட்டம். அங்கே ஏறக்குறைய எல்லோருமே லத்தீனோ. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஜனநாயகக் கட்சியை விட்டு அசையாத அந்த மாவட்டம் 2024-இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. அவர்கள் செய்தது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு சமுதாயத்துக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைக் கேட்காமலே முடிவு செய்கிற கட்சி, ஒரு நாள் வெறுங்கையோடு நிற்கும். அதுதான் பாடம்.

2008-இல் ஓட்டு நகர்ந்ததால் நமக்கு என்ன கிடைத்தது? இசா சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. சட்டப்பூர்வமான குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக வந்தது. அது 2022-இல் 1,500, 2025-இல் 1,700 ஆனது. இதெல்லாம் நம் ஒருவரால் மட்டும் வந்தது என்று மார்தட்ட மாட்டேன். மற்ற இனத்துப் பாட்டாளிகளும் சேர்ந்துதான் தள்ளினார்கள். ஆனால் ஓட்டு அசையாத காலத்தில் இவை வரவில்லை என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. 2013 ஏப்ரல் 18-இல் வேதமூர்த்தியும் பிரதமர் நஜிப்பும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வேதமூர்த்தி துணையமைச்சரானார். 2014 பிப்ரவரியில், வாக்களித்தது நடக்கவில்லை என்று பதவி விலகினார். வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது சட்டம் அல்ல. பட்ஜெட்டில் பணம் ஒதுக்காமல், நாள் குறிக்காமல், எவ்வளவு அழகாகக் கையெழுத்திட்டாலும் அது வெறும் காகிதம்தான். ஒருவர் கையெழுத்துப் போட்டால் சமுதாயமே பின்னால் வந்துவிடும் என்ற நினைப்பும் தப்பு.

நாட்டில் எந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. அதனால் நம் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று சோர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு! மற்றவர் ஓட்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் தராசின் முள் நம் கையில் இருக்கிறது. அதோடு, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர்கள். பாரம் நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் மைகார்டில் பழைய லயத்து முகவரியே இருந்தால், ஓட்டும் அங்கேதான் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம்: எதை, யாரிடம் கேட்பது? அம்பாங்கான் சட்டமன்றத் தொகுதி சிரம்பான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஆக, உங்களுக்கு இரண்டு பிரதிநிதிகள். நிலம் மாநில அரசின் அதிகாரம். வீட்டு மனை, கோயில் நிலம், இடுகாடு எல்லாம் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை. சம்பளம், குடியுரிமை, கல்வி, போலீஸ் ஆகியவை மத்திய அரசின் கையில்; அவற்றை நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் இருவரும் வேண்டும். பள்ளி நடத்துவது மத்திய அரசு, பள்ளி நிற்கும் நிலம் பல இடங்களில் தோட்ட நிறுவனத்தின் பெயரில். அந்த நிலம் பள்ளியின் பெயருக்கு மாறும்வரை எந்தக் கட்டடமும் நிலையானதல்ல. மாறிக் கேட்டால், "அது என் அதிகாரத்தில் இல்லை" என்று ஒரே வரியில் தப்பித்து விடுவார்கள்.

பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் பிள்ளைக்காகக் குடியுரிமை மனு செய்யலாம். 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதன் வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. ஆகவே தாய்மார்களே, "எஸ்.பி.எம். முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றே பதிவிலாகாவுக்குப் போங்கள். மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் தாமானில், உங்கள் லயத்தில், பத்துக் குடும்பம் ஒன்றாக உட்காருங்கள். அவசரத் தேவை எது என்று நீங்களே வரிசைப்படுத்துங்கள். வீடா, சம்பளமா, பத்திரமா, பள்ளியா? பெண்களைப் பேச விடுங்கள். வீட்டுக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, வருகிற எல்லாக் கட்சி வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். தேர்தல் முடிந்து ஓராண்டு கழித்து அதே தாளோடு அவர் சேவை மையத்துக்குப் போங்கள். ஓட்டுக்காகப் பணம் வாங்குவது 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் மாட்டுவார்.

எந்தக் கட்சிக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 மாநிலத் தேர்தலில் ம.இ.கா. ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. பழைய எதிரிகளான பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே மேடையில் நின்றன. கட்சிகள் தங்கள் வசதிக்குக் கூடும், பிரியும். நம் பட்டியல் மட்டும் மாறக்கூடாது. பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் இந்த நாட்டை உருவாக்கியவர்கள் நாம். கையேந்த வரவில்லை, கணக்குக் கேட்க வந்திருக்கிறோம்.

மக்கள் சக்தி ஓங்குக!