கடற்பாலத்தின் இரு கரைகள்: சிங்கப்பூர்–மலேசியப் பணப் பரிமாற்றத்தின் வரலாறு

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய நீரிணை. அதன்மேல் 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் லட்சக்கணக்கானோர் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். ஆள் அன்றாடம் போய்வரும் இந்தத் தூரத்தைக் கடக்க அவருடைய சம்பளப் பணத்துக்குப் பல பத்தாண்டுகளாக ஒன்றிரண்டு வேலைநாள் பிடித்தது. சிலபோது அதற்கு மேலும் ஆனது. அதற்கு முந்தைய காலத்திலோ அந்தச் சிக்கலே கிடையாது. இரு கரையிலும் ஒரே பணம் புழங்கியது. ஒன்றாக இருந்த பணம் ஏன் பிரிந்தது, பிரிந்தபின் கணக்கிலிருந்து கணக்குக்கு அது எப்படிப் போனது, இப்போது எப்படிச் சில நொடிகளில் போகிறது என்பதே இந்த வரலாறு.

இதில் முதலில் வருபவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1820களிலிருந்தே சிங்கப்பூருக்கு வந்த அவர்கள் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் அமைத்தார்கள். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். இரு பக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள்; ஒவ்வொரு மரப்பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கடையின் மேலாள் தரையில் அமர்ந்திருப்பார், பக்கத்தில் கணக்கெழுதும் அடுத்தாள். பினாங்கில் ஒருவருக்குப் பணம் சேரவேண்டும் என்றால் சிங்கப்பூர்ப் பெட்டியடியில் வெள்ளியைக் கட்டி உண்டியல் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதம் கப்பலில் போகும். பினாங்குக் கடையில் அதைக் காட்டியதும் பணம் கிடைக்கும். தவணை உண்டியலாக இருந்தால் குறித்த நாள் கழித்துக் கிடைக்கும். வெள்ளிக்காசு மூட்டை எதுவும் கடலில் போகவில்லை. எதிர்த்திசையில் வேறொருவர் அனுப்பியதை இதோடு கழித்து, மிச்சத்தை மட்டும் கடைகள் தங்களுக்குள் நேர்செய்துகொண்டன. இன்றைய வங்கிகள் செய்வதும் சாராம்சத்தில் இதுவே. எல்லை தாண்டிப் போவது ஓர் உத்தரவு. பணம் இரு கரையிலும் இருந்த இடத்திலேயே கைமாறுகிறது. உத்தரவு எவ்வளவு வேகமாகப் போகும், அதை மறுகரையில் இருப்பவர் எந்த நம்பிக்கையில் ஏற்பார் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளும் விடை தேடின.

வேகத்துக்கு விடை சென்னையிலிருந்து வந்தது. 1870இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. 1871இன் தொடக்கத்தில் அந்த இணைப்பு சிங்கப்பூரை எட்டியது. சார்ட்டர்ட் வங்கி போன்ற பிரிட்டிஷ் வங்கிகள் அதற்குள் அங்கே வேரூன்றியிருந்தன. அவை தந்தியில் பண உத்தரவு அனுப்பத் தொடங்கியபோது நம்பிக்கைக் கேள்வி உடனே எழுந்தது. உண்டியலில் கையெழுத்து உண்டு, தந்தியில் ஏது? அதற்காக வங்கிகள் ரகசியக் குறியீட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டன. தேதிக்கு ஓர் எண், தொகைக்கு ஓர் எண், நாணயத்துக்கு ஓர் எண் என்று புத்தகத்தைப் பார்த்துக் கூட்டி, வரும் மொத்தத்தைத் தந்தியின் தலைப்பில் எழுதுவார்கள். பெறும் கிளையில் ஒரு குமாஸ்தா அதே கூட்டலைப் போட்டுப் பார்ப்பார். எண் ஒத்துவந்தால்தான் பணம் பட்டுவாடா ஆகும். தந்தியே வழக்கொழிந்த பின்னும் வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் என்ற பெயர் சிங்கப்பூர், மலேசிய வங்கிப் படிவங்களில் நிலைத்துவிட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பணம் ஒன்றாகவே இருந்தது. 1867 முதல், சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் வெள்ளி டாலர்களே சட்டபூர்வப் பணம்; இந்திய ரூபாய் விலக்கப்பட்டது. 1899 முதல் நாணய ஆணையர்கள் நோட்டு வெளியிட்டார்கள். 1939இல் அது மலாயா வெள்ளியாகவும் (டாலருக்கு இங்கே வெள்ளி என்றே பெயர்), 1953இல் மலாயா – பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளியாகவும் மாறியது. ஒரே வாரியம், ஒரே நோட்டு. சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்குப் பணம் அனுப்புவதும் மதுரையிலிருந்து திருச்சிக்கு அனுப்புவதும் ஒரே தன்மையான வேலைதான்.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அரசியல் பிரிந்தாலும் பணம் பிரியவேண்டாம் என்றே இரு அரசுகளும் முதலில் நினைத்தன. பொது நாணயம் பற்றி ஓர் ஆண்டு பேசின. கையிருப்பு யார் கட்டுப்பாட்டில் இருப்பது என்பதில் உடன்பாடு வரவில்லை. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி வெள்ளியை வெளியிட்டன. ஆனால் பழைய உறவு அறுந்துவிடாமல் இருக்க ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன: மூன்றும் ஒன்றுக்கு ஒன்று சமம், எந்த வங்கியிலும் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் நோட்டைக் கொடுத்து ஜோகூரில் அரிசி வாங்கலாம். அதே நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டுகள் மட்டும் விழுந்தன. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய 85 காசுதான். வீட்டில் பழைய நோட்டை வைத்திருந்த எளிய மக்களுக்கு அது பலத்த அடி.

அந்தச் சம மாற்று ஒப்பந்தம் ஆறாண்டுகூட முழுதாக நீடிக்கவில்லை. உலகச் செலாவணிச் சந்தையே ஆட்டங்கண்டிருந்த 1973 மே 8 அன்று மலேசியா அதிலிருந்து விலகியது. சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே அது இன்றும் நடப்பில் இருக்கிறது. விலகிய பிறகும் சில காலம் இரு வெள்ளியும் ஏறத்தாழச் சமமாகவே போயின. அப்புறம் இடைவெளி அகன்றுகொண்டே வந்து, இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி, மலேசிய வெள்ளியான ரிங்கிட்டில் 3க்கும் மேல் போகிறது. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் சம்பாதிப்பது இத்தனை குடும்பங்களுக்கு வாழ்க்கைமுறையாக ஆனதற்கு இந்த விகிதமே பெரிய காரணம்.

1973க்குப் பின் கடற்பாலத்தைக் கடக்கும் பணமாற்றம் முழுமையான வெளிநாட்டுப் பணமாற்றமாகிவிட்டது. அது நடக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரின் ஜூரோங்கில் வேலை செய்யும் ஒருவர் மலேசியாவின் ஈப்போவில் உள்ள தாயாரின் கணக்குக்கு 300 வெள்ளி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வங்கிக்கு ஈப்போ வங்கியில் கணக்கு இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஓர் இடைவங்கி தேவை. சிங்கப்பூர் வங்கி தான் ரிங்கிட் வைத்திருக்கும் கோலாலம்பூர் வங்கி ஒன்றுக்கு, 'என் கணக்கில் இவ்வளவு பற்று வைத்து ஈப்போ வங்கிக்குக் கொடு' என்று செய்தி அனுப்பும். கோலாலம்பூர் வங்கி அதைச் சரிபார்த்து உள்நாட்டு முறையில் அடுத்த வங்கிக்குத் தள்ளும். பிற்பகலில் நேரம் தாண்டிவிட்டால் மறுநாள்தான். நடுவில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பொதுவிடுமுறை வந்தால் அதற்கும் மறுநாள். அனுப்பும் வங்கிக்கு ஒரு கட்டணம், தந்திச் செலவு என்ற பெயரில் இன்னொன்று, இடைவங்கி நடுவில் கழித்துக்கொள்வது, பெறும் வங்கி பிடிப்பது எல்லாம் தனி. கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதா, பெறுபவர் ஏற்பதா, பகிர்ந்துகொள்வதா என்று படிவத்தில் குறிக்கச் சொல்வார்கள். பகிர்வதாகக் குறித்தால் தாயாரின் கணக்கில் எவ்வளவு விழும் என்று அனுப்பும்போது யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது.

இதற்கும் மேலே மாற்று விகிதம். சந்தை விகிதத்துக்கும் வங்கி கொடுக்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி ரசீதில் கட்டணமாகத் தெரியாது. பல நேரம் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். மொத்தச் செலவு 20 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் 300 வெள்ளி அனுப்புபவருக்கு அது கிட்டத்தட்ட 7 விழுக்காடு. 30,000 வெள்ளி அனுப்பும் நிறுவனம் அதே 20 வெள்ளியைக் கட்டினால் அதற்கு அரைக்கால் விழுக்காடுகூட வராது. குறைவாகச் சம்பாதிப்பவரே அதிக விகிதத்தில் கட்டவேண்டியிருந்தது இந்த ஏற்பாட்டின் பெரிய அநீதி. பலர் நாணய மாற்றுக் கடைக்குப் போய் ரிங்கிட்டாக மாற்றி, சட்டைப்பையில் வைத்துக் கையோடு கொண்டுபோனதில் வியப்பில்லை.

செய்தி போகும் வழி மட்டும் அந்தக் காலகட்டத்தில் திருந்தியது. 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி 1973இல் பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் அமைப்பைத் தொடங்கின; 1977இல் அது இயங்க ஆரம்பித்தது. தந்திக்குப் பின் வந்த டெலக்ஸ் செய்தியும் குறியீட்டுக் கூட்டலும் போய், ஒவ்வொரு வங்கிக்கும் 8 அல்லது 11 எழுத்தில் ஓர் அடையாளமும் ஒரே அமைப்பிலான படிவமும் வந்தன. ஸ்விஃப்ட் பணத்தைத் தொடுவதில்லை, செய்தியை மட்டும் சேர்க்கிறது. ஆகவே செய்தி நொடியில் போனாலும் இடைவங்கிகளின் வரிசை குறையவில்லை. பின்னர் சிங்கப்பூர் 1998இலும் மலேசியா 1999இலும் வங்கிகளுக்கு இடையே உடனுக்குடன் கணக்குத் தீர்க்கும் முறையைத் தத்தம் நாட்டுக்குள் கொண்டுவந்தன. இரண்டும் எல்லையோடு நின்றுவிட்டன.

1998 நிலைமையை இன்னும் இறுக்கியது. ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்துகொண்டிருந்தது. ஊக வாணிபத்துக்காகச் சிங்கப்பூரில் ரிங்கிட் வைப்புகளுக்கு மலேசியாவில் கிடைப்பதைவிட மிகக் கூடுதல் வட்டி கொடுக்கப்பட்டதால் பணம் அங்கே பாய்ந்தது. செப்டம்பர் 1 அன்று மலேசிய அரசு செலாவணிக் கட்டுப்பாடுகளை அறிவித்தது; மறுநாள் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று விகிதத்தைக் கட்டிவைத்தது. வெளியே இருந்த ரிங்கிட் எல்லாம் ஒரு மாதத்துக்குள் நாடு திரும்பவேண்டும், அதன்பின் செல்லாது. பயணிகள் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கொண்டுபோக, கொண்டுவரத் தடை. 3.80 கட்டு 2005 ஜூலையில் அவிழ்ந்தது. வெளிநாட்டில் ரிங்கிட் வணிகம் கூடாது என்ற கொள்கை நீடித்தது. பின்னால் வந்த எந்த இணைப்பும் அதற்குள் அடங்கியே வடிவமைக்கப்பட வேண்டியிருந்தது.

மாற்றம் உள்நாட்டில் தொடங்கியது. சிங்கப்பூரில் 2014 மார்ச்சில் வங்கிகளுக்கு இடையே நொடியில் பணம் செலுத்தும் ஃபாஸ்ட் முறை வந்தது. 2017 ஜூலையில் அதன்மேல் பேநவ் வந்தது: கணக்கு எண் வேண்டாம், கைபேசி எண் போதும். மலேசியாவில் பேநெட் நிறுவனம் 2018 டிசம்பரில் இதேபோன்ற டூயிட்நவ் சேவையைக் கொண்டுவந்தது. இரு நாட்டிலும் எண்ணை அடித்ததும் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். சரியான ஆளுக்குத்தான் போகிறதா என்று அனுப்பும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். தந்திக் காலத்துக் குமாஸ்தா கூட்டிப் பார்த்த வேலை இப்போது அனுப்புபவர் கண்முன்னே நடக்கிறது.

இரு நாட்டு உடனடி முறைகளை நேருக்கு நேர் பிணைத்தால் இடைவங்கி வரிசை எதற்கு என்ற யோசனை முதலில் தாய்லாந்தோடு நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரல் 29 அன்று பேநவ், தாய்லாந்தின் பிராம்ப்ட்பே முறையுடன் இணைந்தது. உலகிலேயே அவ்வகையில் அதுவே முதல் இணைப்பு. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐ சேர்ந்தது. தொடக்கத்தில் இந்தியத் தரப்பில் இருவழியும் பணம் அனுப்பும் வசதி தந்தவற்றில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இந்தியன் வங்கியும் உண்டு. முன்னது 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது. செட்டியார்களின் கடல்கடந்த கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்த வங்கி அது.

மிக அருகில் இருந்த மலேசியாவுடன் இணைப்பு கடைசியாகத்தான் வந்தது. 2023 மார்ச்சில் இரு நாட்டுக் கடைகளிலும் க்யூஆர் கட்டத்தைப் படமெடுத்துப் பணம் செலுத்தும் வசதி தொடங்கியது. நவம்பர் 17 அன்று பேநவ்வும் டூயிட்நவ்வும் பிணைக்கப்பட்டன. ஜூரோங்காரர் இப்போது வங்கிச் செயலியில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து, தாயாரின் கைபேசி எண்ணை அடிக்கிறார். பெயர் தெரிகிறது. எத்தனை ரிங்கிட் போய்ச்சேரும் என்ற கணக்கும் கட்டணமும் உறுதிசெய்யும் முன்பே திரையில் வந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் சிங்கப்பூர்ப் பக்கம் அவர் கணக்கில் வெள்ளி பற்றாகிறது. மலேசியப் பக்கம் ஏற்கெனவே அங்கே இருக்கும் ரிங்கிட்டிலிருந்து தாயாரின் கணக்கில் வரவாகிறது. வங்கிகள் தங்களுக்குள் பிறகு நேர்செய்துகொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் இது நடக்கும்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு சிங்கப்பூரிலிருந்து 1,000 வெள்ளி, மலேசியாவிலிருந்து 3,000 ரிங்கிட். மோசடிக்காரர் கையில் கணக்கு சிக்கினாலும் இழப்பு எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பதற்கு இத்தகைய வரம்பு உதவுகிறது. நொடியில் போகும் பணத்தைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். வீடு வாங்குவது, வணிகச் சரக்குக்குப் பணம் கட்டுவது போன்ற பெரிய தொகைகள் பழைய ஸ்விஃப்ட் வழியிலேயே போகின்றன. தொகைக்கும் காரணத்துக்கும் ஆவணம் கேட்கும் விதிகளும் அங்கே இருக்கின்றன.

நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பிணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து நாடுகள் ஒன்றோடொன்று இணைய 10 இணைப்புகள் வேண்டும். பத்து நாடுகளுக்கு 45. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சுவார்த்தை, தனி மென்பொருள். பன்னாட்டுத் தீர்வு வங்கியின் சிங்கப்பூர் மையம் இதற்காக வகுத்தது நெக்சஸ் திட்டம். ஒவ்வொரு நாடும் ஒரே பொதுத்தளத்தில் ஒருமுறை இணைந்தால் மற்ற எல்லா நாடுகளையும் எட்டலாம். முதல்கட்டச் சோதனையில் சிங்கப்பூர், மலேசியா, யூரோ வலய முறைகள் பிணைத்துப் பார்க்கப்பட்டன. 2024 ஜூனில் இந்தியா சேர்ந்ததோடு மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா ஆகிய ஐந்து நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர முன்வந்தன. அந்தத் தளத்தை நடத்துவதற்கான நிறுவனம் சிங்கப்பூரில் அமைக்கப்பட்டுள்ளது.