ஊசிக்கு மின்சாரம் வேண்டுமா?

கந்தையைத் துவைத்து உடுத்தும்படி நம் மூத்தோர் சொல்லிவைத்தார்கள். மின்சாரம் குறைந்த வீட்டிலே அதனைத் தைத்து உடுத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்குப் போயிருந்தவர்களும் பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகளும் உயிர் பிழைத்தனர். அவர்களுட் பலருக்கு மிஞ்சியது உடுத்தியிருந்த உடை ஒன்றே. இத்தகைய வேளைகளில் உதவியாக வரும் துணிமணிகள் வேறு யாருடைய அளவுக்கோ தைத்தவை. தோளிலிருந்து நழுவும் சட்டையைப் பிள்ளைக்கு ஏற்றதாக்க ஊசியும் நூலும் வேண்டும். தைப்பதற்கு வெளிச்சமும் வேண்டும்.

அந்த வெளிச்சம் எவருக்கும் நிலையானதன்று. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டிலே, லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாயாயிற்று. குப்பி விளக்கும் செலவுமிக்க பொருளாகிவிட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. மின் இஸ்திரிப்பெட்டி சுமார் 1000 வாட் இழுக்கும், சிறிய எல்.இ.டி. விளக்குக்கு 5 வாட் போதும். ஒரு மணி நேரம் இஸ்திரி போடும் மின்சாரம், அந்த விளக்கை 200 மணி நேரம் எரிக்கும்! ஆகவே, குறைந்த மின்சாரத்தை வெளிச்சத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற வேலைகளுக்குக் கையும் காலும் அடுப்பும் உண்டு.

பகல் வெளிச்சமோ இலவசம். லயத்துக் காம்பரா பகலிலும் இருண்டிருக்கும். தைப்பதற்கு இஸ்தோப்பே தக்க இடம். கறுப்புத் துணியையும் நுண்ணிய தையலையும் பகலிலே முடித்துவிடுங்கள். வெளிர் துணியை இரவுக்கு வைக்கலாம். பொழுது சாயுமுன் நாலைந்து ஊசிகளில் நூல் கோத்துத் துணியிலே குத்திவையுங்கள். மங்கிய ஒளியில் ஊசியின் காது தேடும் துன்பம் ஒழியும். நூல் முழங்கையளவு நீளமே இருக்கட்டும். மெழுகுதிரியிலே ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது.

தேயிலை மிலாறு கீறிய கிழிசலை அதன் விளிம்பிலேயே தைத்தால் நூல் துணியை அறுத்துக்கொண்டு வரும். கால் அங்குலம் தள்ளி, உறுதியான துணியிலே தையலைத் தொடங்குங்கள். நைந்த இடத்துக்கு உட்புறமாக ஒட்டுப் போடுங்கள். ஒட்டுத் துணி பலமுறை துவைத்ததாக இருத்தல் நலம். புதிய பருத்தித் துணி பின்னர் சுருங்கி, சுற்றியுள்ள துணியையும் இழுக்கும். நிறம் ஒத்த நூல் இல்லையாயின், அதே ஆடையின் உள்மடிப்பிலிருந்து இழை உருவிக்கொள்ளலாம்.

நீண்ட தையலுக்குக் கால்மிதி இயந்திரம் இருக்கிறது. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877 இல். அந்நாளைய தையல் இயந்திரத்தைச் சுழற்றியது மனிதரின் கையும் காலுமே. இன்றும் அவ்வகை இயந்திரத்துக்குத் தேவை சில துளி எண்ணெய்தான். லயத்துக்கு ஒன்று இருந்தாலும் பல குடும்பங்களுக்கு உதவும். தைத்த மடிப்பை அழுத்த, அடிப்புறம் தட்டையான பாத்திரத்திலே பாதியளவு கொதிநீர் ஊற்றி மூடித் துணிமேல் மெல்ல நகர்த்தினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. குப்பி விளக்கருகே தைக்கும்போது முந்தானையும் மடித்துணியும் தீக்கு அருகாகின்றன. நைலான், பொலியெஸ்டர் துணிகள் உருகி உடலிலே ஒட்டிக்கொள்ளும். தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையாய், கனமாய், உருண்டோடாதபடி தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் உடைய பாதுகாப்பான விளக்கொன்றை வடிவமைத்தார். 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அத்தகைய விளக்கு கிட்டாதவிடத்து இரவுத் தையலை விடியலுக்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. எந்தச் சட்டையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

நேயர்களே, ஒரு தகர டப்பாவிலே இரண்டு ஊசி, கறுப்பு வெள்ளை நூல், சில பொத்தான், ஒரு மெழுகுதிரித் துண்டு ஆகியவற்றை வாசலருகே வைத்திருங்கள். மழைக்காலத்திலே வீட்டைவிட்டு ஓட நேர்ந்தாலும் அது மடியில் அடங்கும். நாளை பிள்ளை பள்ளிக்கூடத்திலே கூசாமல் நிற்பதற்கு அந்தச் சிறு டப்பா துணை செய்யும்.