புனைந்த பெயரும் ஒலிக்கும் நாவும்



பெயரை எழுத்துக் காக்கிறது, நாவே வாழவைக்கிறது. உலகில் உள்ள ஒரு பொருளின் பெயரை எவ்வாறு ஒலிப்பது என்னும் ஐயம் எழுந்தால், அப்பொருளோடு பழகியவரைக் கேட்டுத் தெளியலாம். எங்கும் இல்லாத ஓர் உயிருக்கு, எவரும் காணாத ஒரு நாட்டுக்கு, ஆசிரியர் ஒருவர் புனைந்திட்ட பெயரை யாரிடம் சென்று கேட்பது? இவ்வினாவே இவ்வுரையின் பொருளாகும்.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். காய் நகர்த்துவது அதில் சிறுபான்மை, பேச்சே பெரும்பான்மை. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை நடத்துநராக இருந்து, குகையையும் காட்டையும் அங்கே எதிர்ப்படும் விந்தை உயிர்களையும் சொல்லாலேயே காட்டுவார். ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, தாம் செய்வன இன்னவென்று உரைப்பர். செயல் பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். அங்கே மேடையும் இல்லை, திரையும் இல்லை. ஆகவே ஓர் உயிர் தோன்றுவது என்பது, அதன் பெயர் ஒருவர் வாயிலிருந்து வெளிப்படுவதே.

இடர்ப்பாடும் அங்கேதான் பிறக்கிறது. ஆட்டத்தின் விதிகள் நூலில் உள்ளன. தனியே அமர்ந்து அந்நூலைப் பன்முறை பயின்ற இளைஞர் ஒருவர், பிறர் நடுவே முதன்முறையாக ஒரு பெயரை ஒலிக்கிறார். அருகில் இருப்பவர் நகைக்கிறார். நகைப்புக்கு ஆளானவர் மறுமுறை வாய்திறக்கத் தயங்குவார். பேச்சினாலேயே நிகழும் ஆட்டத்தில் வாய் மூடியவருக்கு இடமேது?

பிழை பெரும்பாலும் அவருடையது அன்று, ஆங்கில எழுத்துமுறையுடையது. ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் சொல்லும் பனியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஈரெழுத்தில் முடிகின்றன. ஆயினும் ஒன்று 'கௌ' என்றும், மற்றொன்று 'ஸ்னோ' என்றும் ஒலிக்கின்றது. இவ்வாட்டத்தில் வரும் கரிய நிறத்து நிலவறை மாந்தரின் பெயரும் அதே ஈரெழுத்தில் முடிவதால், 'ட்ரௌ' என்பாரும் 'ட்ரோ' என்பாருமாக ஆடுவோர் இரு கட்சியாயினர்.

இத்தகைய பூசல்களைத் தீர்க்க எண்ணிய பிராங்க் மென்ட்சர், 'டிராகன்' இதழின் 93ஆம் எண்ணில், 1985 ஜனவரியில், ஓர் ஒலிப்பு வழிகாட்டியை வெளியிட்டார். தலைப்பையே ஒலிக்கும் வண்ணம் எழுதி, எழுத்துமுறையை அவர் எள்ளி நகைத்திருந்தார். ஆயினும் பூசல் ஓயவில்லை. நிலத்தடியில் துளைத்து வந்து தாக்கும் ஓர் உயிரியின் பெயரை எழுத்துப்படி 'புலெட்' என்றே பலர் வாசித்தனர். வழிகாட்டியோ 'புலே' என்றது. பிரெஞ்சுச் சாயல் வேண்டி அவ்வாறு கொண்டனர் போலும். ஆனால் அவ்வாறு முடியும் பிரெஞ்சுச் சொற்களில் இறுதி டகர ஒலி மறைவதில்லை. எனவே 'புலெட்' என்றவரே பிரெஞ்சு முறைக்கு நெருங்கி நின்றார் எனலாம்.

ஆழ்ந்து நோக்கின், இப்பெயர்கள் மூவகைப்படும்.

முதல்வகை, ஆசிரியரே இலக்கணம் வகுத்த பெயர்கள். 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் நெடுங்கதையை 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட டோல்கீன், ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் பயிற்றிய மொழிநூற் புலவர். மொழிகளை முன்னர்ப் படைத்து, அவை பேசப்படுதற்கென ஓர் உலகைப் பின்னர்ப் படைத்தவர். மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் ஒலிப்பு விதிகளைத் தெளிவுற எழுதினார். ஆங்கிலத்தில் சகரமாகவும் ககரமாகவும் மயங்கும் எழுத்து, அவர் படைத்த மொழிகளில் என்றும் ககரமே. ஆதலின் 'செலெபோர்ன்' என்று வாசிக்கத் தோன்றும் பெயர் 'கெலெபோர்ன்' என்றே ஒலித்தற்குரியது. இங்கே வினாவுக்கு விடை உண்டு. ஆசிரியரைக் கேட்டால் போதும்.

இரண்டாம் வகை, விதியின்றி விளையாட்டாய்ப் பிறந்த பெயர்கள். 'புலெட்' அத்தகையது. இவற்றுக்கு ஆடுவோர் வழக்கே இலக்கணம். ஒரு மேசையில் 'புலெட்' என்றும் மறு மேசையில் 'புலே' என்றும் வழங்கினால் எவருக்கும் இழப்பில்லை. வேண்டுவது ஒன்றே: ஒரே மேசையில் இருப்போர் ஒருவர் சொல்வதை மற்றவர் அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் வகையே ஆழ்ந்த கருத்துக்குரியது. அவை புனைந்தவை போலத் தோன்றினும் இரவல் பெயர்கள். இறந்தும் இறவாத மந்திரவாதியைக் குறிக்கும் 'லிச்' என்பது, உடலையும் பிணத்தையும் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. சிறகுடைய பாம்பாகிய 'கோவாட்ல்', பாம்பைக் குறிக்கும் நாவாட்டில் மொழிச் சொல். மெக்சிகோவில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழியை இன்றும் பேசுகின்றனர். 1977இல் வெளிவந்த இவ்வாட்டத்தின் உயிரிக் கையேட்டில், புலித்தலையுடன் புகைக்குழாய் பிடித்து வீற்றிருக்கும் உருவத்துக்கு இட்ட பெயர் 'ராட்சசன்' என்பதே. நம் பாட்டிமார் கதையில் நாளும் உலவியவன், அங்கே இன்னது என்று ஒலிக்கத் தெரியாத அயலானாக அமர்ந்திருக்கிறான்!

இவ்வகைப் பெயர்களுக்கு ஆசிரியரோ ஆடுவோரோ முழு உரிமையாளர் அல்லர். அச்சொல்லைப் பேசும் மக்களிடம் அவ்வுரிமை உள்ளது. அதனால் அயலார் நா சிறிதும் பிறழக்கூடாது என்பது பொருளன்று. பிறமொழிச் சொல் தன் நாவுக்கு இசையத் திரிந்து வருதலைத் தமிழ் நெடுங்காலமாக ஏற்றுள்ளது. வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு வரும் முறையைத் தொல்காப்பியம் எச்சவியலில் கூறுகிறது. அம்முறையாலேயே ராட்சசன் நமக்கு இராக்கதன் ஆனான். திரிபு இகழ்ச்சி ஆகாது, அது குடியேற்றம். ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்பதை மறப்பதும், உடையவர் ஒலித்துக் காட்டும்போது அதைத் தவறென்று நகைப்பதும் முறையல்ல.

நம் எழுத்தின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். மேலே கூறிய 'கைகாக்ஸ்' என்னும் பெயரின் முதலெழுத்து, 'தங்கம்' என்னும் சொல்லில் ககரம் பெறும் மெல்லோசையை உடையது. அதைத் தமிழெழுத்தில் மட்டும் கண்டவர் 'கை' என்றே வாசிப்பார். அவர் அறிவிலி அல்லர். எழுத்து காட்டிய வழியே சென்றவர்.

பெயரைப் பிழையாக ஒலிப்பவர் அதைக் காதால் கேளாமல் கண்ணால் கற்றவர். துணையின்றித் தாமே பயின்றவர். அந்த உழைப்புக்கு நகைப்பு கைம்மாறாகாது. விதி உள்ள இடத்தில் விதியைக் காட்டுவோம். விதியில்லா இடத்தில் இசைந்து வழங்குவோம். உடையவர் உள்ள இடத்தில் அவரைக் கேட்டுக் கற்போம். எவ்விடத்தும், பேச வாயெடுத்தவரை முதலில் பேசவிடுவோம்.