மனக்கவலையும் யோக நெறியும்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)



திருக்கோயில்களில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குட நன்னீராட்டு நிகழ்த்துவது மரபு. அவ்விழாவின் அங்கங்களுள் ஒன்று அட்டபந்தன மருந்து சாத்துதல். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எண்வகைப் பொருள்களும் ஒன்றாகச் சேர்த்து இடிக்கப்படுகின்றன. இடிக்க இடிக்க அக்கலவை இளகுகின்றது. இளகிய நிலையிலேயே பீடத்துக்கும் திருவுருவுக்கும் இடையே அது சாத்தப்படுகின்றது. பின்னர் இறுகித் திருவுருவை அசையாது நிறுத்துகின்றது. இளகாத மருந்து எதனையும் பற்றுவதில்லை. மாந்தர் உள்ளத்துக்கும் இதுவே விதி. இறுகிய உடலோடும் விரையும் மூச்சோடும் உள்ளத்தை நிறுத்த முயன்றால் அது நில்லாது. இளகிய பின்னரே அது நிலைபெறும்.

அருச்சனைத் தட்டேந்திச் சந்நிதியில் நிற்கின்றார் ஓர் அன்பர். தீபாராதனை நிகழ்கின்றது, மணி ஒலிக்கின்றது. கண்கள் திருவுருவைக் காண்கின்றன. கருத்தோ வேறிடத்தில் உழல்கின்றது. மகளின் திருமணம் தடைப்பட்டுவிடுமோ, கடனுக்குத் தவணை கூடுமோ, மருத்துவர் சொல்லாமல் மறைத்தது எதுவோ என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணங்கள் எழுகின்றன. திருநீறு பெற்று வீடு திரும்பிய பின்னும் அவை ஓய்வதில்லை. நள்ளிரவில் விழிப்பு வருகின்றது. விட்ட இடத்திலிருந்தே கவலை தொடர்கின்றது. இதனைப் பக்திக் குறைவு என்று எவரும் இகழ வேண்டா. தம்மைத்தாமே நொந்துகொள்ளவும் வேண்டா. இஃது உடலும் உள்ளமும் சேர்ந்து சுழலும் ஒரு சுழல்.

அச்சுழல் இயங்கும் முறை அறியத்தக்கது. காட்டில் புலியைக் கண்டவனுக்கு இதயம் விரைகின்றது. மூச்சு மேல்மார்பளவில் நின்றுவிடுகின்றது. தோளும் தாடையும் இறுகுகின்றன. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. புலி அகன்றால் அவ்வாயத்தமும் அகலும். ஆனால் நாளை நிகழக்கூடும் என்று எண்ணுகின்ற துன்பத்துக்கும் உடல் அதே ஆயத்தத்தைச் செய்கின்றது. நாளை என்பது அகலாத புலி. உடல் படபடப்பதைக் கண்ட உள்ளம், ஏதோ இடர் இருப்பதனாலன்றோ இப்படபடப்பு என்று கருதி மேலும் எண்ணுகின்றது. அவ்வெண்ணத்தால் உடல் மேலும் இறுகுகின்றது. இந்நிலையில் எண்ணத்தை எண்ணத்தாலேயே அடக்க முற்படுவது, கலங்கிய குளத்தைக் கையால் துழாவித் தெளிவிக்க முயல்வதை ஒக்கும்.

முன்னோர் கண்ட வழி வேறு. பதஞ்சலியார் தம் யோக சூத்திரத்தில் இருக்கை உறுதியாகவும் இன்பமாகவும் அமைய வேண்டும் என்றார். முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதே அதற்கு வழி என்றார். மூச்சை ஒழுங்குற வெளியே விடுதலும் உள்ளம் தெளிய ஓர் உபாயம் என்றார். திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எண்வகை யோக உறுப்புக்களை விரித்துரைத்தார். அவர் உடம்பை இகழ்ந்தாரல்லர். இறைவன் உறையும் இடம் என்று போற்றினார். சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை, மல்லாந்து அசைவின்றிக் கிடக்கும் சவாசனம் களைப்பை நீக்கி உள்ளத்துக்கு ஓய்வளிக்கும் என்று கூறுகின்றது. இம்மூவர் நெறியிலும் உடலும் மூச்சும் உள்ளத்துக்கு வாயிலாக நிற்றல் காண்க.

மேலை நாட்டு மருத்துவமும் இவ்வாயிலை அணுகியது. சிக்காகோ நகரத்து மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். தளர்ந்த தசையோடு கவலை நெடிது தங்காது என்பது அவர் கொள்கை. மூச்சின் செயலும் இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. மூச்சு உட்புகும்போது இதயத் துடிப்புச் சற்றே விரைகின்றது, வெளியேறும்போது தணிகின்றது. மூளையினின்று இறங்கி இதயத்தையும் குடலையும் தொடும் வேகஸ் நரம்பு இத்தணிவுக்குத் துணை செய்கின்றது. ஆகவே வெளிமூச்சை நீட்டுவது, அமைதி கொள்க என்று உடலுக்கு அதன் மொழியிலேயே சொல்வதாகும்.

யோகம் என்றவுடன் தலைகீழாக நிற்றலையும் உடலை முறுக்குதலையும் நினைந்து பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) தம் பிற்கால வாழ்வைச் சென்னையில் கழித்து, பயில்வோர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப யோகத்தை அமைத்துக் கற்பித்தார். அந்நெறி தழைக்க அவர் மைந்தர் தேசிகாச்சாரியார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். ஆளுக்குத் தக்கவாறு யோகம் அமைய வேண்டுமேயன்றி, யோகத்துக்காக ஆளை வருத்துதல் முறையன்று.

எளிய பயிற்சி ஒன்று வருமாறு. முதலில் தரையிலோ நாற்காலியிலோ நிமிர்ந்து அமர்க. மூச்சு உட்புகும்போது இரு கைகளையும் மெல்ல உயர்த்துக. வெளியேறும்போது மெல்லத் தாழ்த்துக. இவ்வாறு ஆறு முறை செய்க. பின் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, வெளிமூச்சோடு வயிற்றை நோக்கி அணைத்து விடுக. இதுவும் ஆறு முறை. அடுத்து நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு வெளியே விடுக. இவ்வளவில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு அமையும். மூச்சை உள்ளே நிறுத்துதல் வேண்டா. சில நிமிடங்கள் இவ்வாறு கழிந்ததும் சவாசனத்தில் கிடக்க.

இப்போது சொல்வழித் தளர்வு தொடங்குகின்றது. வீட்டில் உள்ள ஒருவர் அருகமர்ந்து தாழ்ந்த குரலில் மெல்லச் சொல்ல வேண்டும்: "வலப்பாதம் தளர்கின்றது. கணைக்கால் தளர்கின்றது. முழங்கால் தளர்கின்றது." இவ்வாறே இடக்கால், வயிறு, மார்பு, கைகள், தோள், கழுத்து, தாடை, நெற்றி என ஏறிவருக. ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மூச்சளவு இடைவெளி தருக. கேட்பவர் எதனையும் வலிந்து செய்ய வேண்டா. சொல் செல்லும் இடத்துக்கு நினைவை அனுப்பினால் போதும். இடையில் கவலை எழுந்தால் அதனோடு போரிடாது அடுத்த சொல்லுக்குத் திரும்புக. திரிந்து உழலும் உள்ளத்துக்குச் சென்று தங்க ஓர் இடம் காட்டுவதே அக்குரலின் பணி. தாலாட்டில் குழந்தை உறங்குவதும் ஒருவாறு இம்முறையே அன்றோ?

சில எச்சரிக்கைகளும் உரியன. முதுகு நோயாளரும் முதியோரும் நாற்காலியில் அமர்ந்தே தளர்வு பெறலாம். கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. பின் மாதங்களில் மல்லாந்து கிடவாது இடப்புறம் சாய்ந்து கிடக்க. கண்மூடிக் கிடக்கும்போது அச்சம் மிகுமாயின் உடனே கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படிவதை உணர்ந்து அமர்க.

யோகம் எல்லா மனநோய்க்கும் போதும் என்று கூறுதல் உண்மையன்று. நாட்பட்ட கவலை நோயுடைய 226 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. 12 வாரப் பயிற்சியின் முடிவில், குண்டலினி யோகம் பயின்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் நலம் கண்டனர். கவலையைப் பற்றிய அறிவுரை வகுப்பு மட்டும் பெற்றோருள் 33 பேரே நலம் கண்டனர். எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் உளமருத்துவம் பெற்றோருள் 71 பேர் நலம் கண்டனர். யோகம் துணை; மருத்துவத்துக்கு மாற்று அன்று என்பது இதனால் பெறப்படும். உறக்கமும் உணவும் கெட்டு, வேலை தடைப்பட்டு, உயிர்மேல் வெறுப்புத் தோன்றுமாயின் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுக. இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிப் பணியை 14416 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். மருந்துண்பது இறைநம்பிக்கைக்கு இழுக்கன்று. வைத்தியநாதன் என்று இறைவனுக்கே பெயரிட்டு வழங்குவது நம் நாடு.

திருக்கோயில் வழிபாட்டிலேயே இத்தளர்வுக்கு வித்து இடப்பட்டுள்ளது. வலம் வருவோர் விரையாது அடிமேல் அடிவைத்து வருதல் வேண்டும் என்பது மரபு. கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குபவர் ஒரு கணம் தம் உடற்பாரம் முழுவதையும் நிலத்துக்கு ஒப்படைக்கின்றார். வழிபாடு முடிந்தபின் சிறிது நேரம் அமர்ந்தே செல்ல வேண்டும் என்று பெரியோர் வகுத்தனர். இந்நாளில் பலர் அந்த அமர்வைத்தான் முதலில் கைவிடுகின்றனர். வந்த விரைவிலேயே திரும்புகின்றனர். கல்மண்டபத்தின் குளிர்ச்சியில் தோளைத் தளர்த்தி, வெளிமூச்சை நீட்டிப் பத்து நிமிடம் அமர்பவருக்குச் சந்நிதியில் கண்ட காட்சி அப்போதுதான் உள்ளே பதிகின்றது.

நன்னீராட்டைத் தொடர்ந்து 48 நாள் மண்டல பூசை நிகழவிருக்கின்றது. அந்த 48 நாளும் நாள்தோறும் கால் மணி நேரம் இப்பயிற்சிக்கு ஒதுக்குவது தக்க தொடக்கமாகும். கவலைக்குரிய காரியங்கள் அதனால் மறைந்துவிடா. கடனும் நோயும் திருமணப் பொறுப்பும் இருந்தவாறே இருக்கும். ஆயின் இரவில் உறங்கி எழுந்தவர் அவற்றை எதிர்கொள்ளும் திறம் வேறு. விழித்திருந்து வெதும்பியவர் எதிர்கொள்ளும் திறம் வேறு. கோபுரமும் விமானமும் புதுப்பொலிவு பெற்ற இந்நன்னாளில், அடியார்தம் உடலாகிய ஆலயமும் அமைதி பெற்று, அதனுள் இறைவன் திருவடி அசையாது நிலைபெறுக.

திருச்சிற்றம்பலம்.