சமய ஒப்பியல்: இடைநிலைப்பள்ளியில் ஒரு விருப்பப் பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டிக் கெலுகோரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜார்ஜ் டவுனில் பழைய பிட் தெருவை அறியாதார் இலர். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் ஆலயம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை அத்தெருவில் உள்ளன; 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் ஆலயம் அதன் அருகிலேயே உள்ளது. நான்கையும் கடந்து செல்லும் ஐந்தாம் படிவ மாணவனுக்கு மூன்றின் உள்ளே நடப்பது தெரியாது. நான்காவதான தன் ஆலயத்தில் நடப்பதையும் அவனால் நண்பனுக்கு விளக்கிச் சொல்ல இயலுமா என்பது ஐயமே.

இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஐந்து முஸ்லிம் மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் இஸ்லாமியக் கல்வி புகட்டப்பட வேண்டும். 51ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் ஆளுநர் குழுவினர் பிற சமயங்களையும் கற்பிக்கலாம் என்கிறது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியிலிருந்து அதற்கு ஒரு காசும் செலவிடலாகாது. முஸ்லிம் அல்லாதார்க்கு வாய்த்தது நன்னெறிக் கல்வி. 1983இல் தொடக்கப்பள்ளிக்கும் 1989இல் இடைநிலைப்பள்ளிக்கும் அது வந்தது. ஒரு காலத்தில் எஸ்.பி.எம். தேர்வுக்காக 36 நற்பண்புகளையும் அவற்றின் விளக்கங்களையும் சொல் பிசகாது மனனம் செய்த தலைமுறை இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கக்கூடும். அப்பாட வேளையில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒருவர் சமயத்தை மற்றவர் அறியும் வேளை எதுவும் அட்டவணையில் இல்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் 1984இல் வேறொரு வழியை நாடியது. மூன்றாம், நான்காம் உயர்நிலை மாணவர்க்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாயிற்று. இந்து சமயக் கல்வி, பௌத்தம், விவிலியம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சமயப் பற்று கூர்மை பெற்று இணக்கம் குலையுமோ என்ற அச்சத்தால், 1989இலேயே அக்கட்டாயத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இதைக் காட்டி, பள்ளியில் சமயமே வேண்டாம் என்பாரும் உளர். ஆனால் அங்கே தோற்றது ஒப்பியல் அன்று. அவரவர் சமயத்தைத் தனித்தனி அறையில் கற்பித்த முறையே தோற்றது. இலங்கைப் பள்ளிகளிலும் சைவ மாணவர் சைவநெறியையும் பௌத்த மாணவர் பௌத்தத்தையும் தனித்தனியே கற்கின்றனர்.

நான்காம், ஐந்தாம் படிவங்களில் எல்லாச் சமயங்களையும் ஒரே வகுப்பில் அறிமுகம் செய்யும் விருப்பப் பாடம் ஒன்று வருமானால், பிள்ளை மனம் மாறிவிடுவானோ எனப் பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. அதை எள்ளி நகையாடுதல் தகாது. தன் சமயம் அல்லாத ஒன்றைக் கற்கப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று 51ஆம் பிரிவு விதித்திருக்கும் நிபந்தனையை இப்பாடத்திற்கும் வைக்கலாம்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பாடநூலில் இந்து சமய அத்தியாயத்தை எழுதுவது யார்? மாரியம்மன் வழிபாடும் தைப்பூசக் காவடியும் திருமுறையும் வேதாந்தமும் இருபது பக்கங்களுக்குள், அதுவும் மலாய் மொழியில், அடங்க வேண்டும். காவடியை வெறும் காட்சியாக எழுதிவிட்டால் பிற மாணவர் அதையே நம்புவர். அத்தகைய அத்தியாயத்தின் மாதிரி வரைவை அரசு கேட்கும்வரை காத்திராமல் ஆலயங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இப்போதே எழுதத் தொடங்கலாம். முதல் வாசகர்களாக ஆலய சமய வகுப்புப் பிள்ளைகளே இருக்கட்டும். புரியவில்லை என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் திருத்திய பின்னர் மற்ற சமயத்தாரிடம் காட்டலாம்.