தூரத்தில் கட்டிய வீடுகள்



ஜோகனஸ்பர்க் நகரில் அதிகாலையில் சாலையோரம் நிற்பவர் ஆள்காட்டி விரலை உயர்த்தினால், நகரின் மையத்துக்குப் போகவேண்டும் என்று பொருள். சுமார் பதினாறு பேர் அமரும் வேன் ஒன்று வந்து நிற்கும். தென்னாப்பிரிக்காவில் அதைத்தான் டாக்சி என்கிறார்கள். பொதுப் போக்குவரத்தை நம்பியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே கதி.

அந்த வேன்களின் கதை வீட்டுமனைகளிலிருந்து தொடங்குகிறது. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. 1955இல் ஜோகனஸ்பர்க்கின் சோஃபியாடவுன் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களை லாரிகளில் ஏற்றி, தொலைவில் இருந்த மெடோலேண்ட்ஸில் இறக்கினார்கள். டர்பனில் நம் தமிழ் வம்சாவளியினரும் நகரின் ஓரத்தில் இருந்த சாட்ஸ்வொர்த்துக்கு இப்படித்தான் அனுப்பப்பட்டார்கள். வீடு போன இடத்துக்கு வேலை போகவில்லை. 1957இல் பேருந்துக் கட்டணம் ஒரு பென்னி ஏறியபோது, ஜோகனஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து, மாதக்கணக்கில் வேலைக்கு நடந்தே போனார்கள். ஒரு பென்னி கூட அவர்களுக்குப் பாரமாக இருந்தது.

கறுப்பினத்தவர் பயணிகளை ஏற்றி வண்டி ஓட்ட உரிமம் பெறுவது நெடுங்காலம் குதிரைக்கொம்பாக இருந்தது. 1988இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது உரிமங்கள் தாராளமாகக் கிடைத்தன, கண்காணிப்புதான் இல்லை. வழித்தடங்களுக்காக வேன் உரிமையாளர் சங்கங்கள் மோதின, துப்பாக்கிகள் வெடித்தன, பயணிகளும் செத்தார்கள்.

வேன் நிரம்பாமல் புறப்படாது என்று ஓட்டுநரைத் திட்டுவது எளிது. அவர் நிலையைப் பாருங்கள். பலர் உரிமையாளருக்கு நாள்தோறும் குறிப்பிட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். காலையில் கூட்டமெல்லாம் நகரத்தை நோக்கித்தான். திரும்பும்போது இருக்கைகள் காலி. பேருந்துக்கும் ரயிலுக்கும் ஓட்டும் செலவில் அரசு மானியம் உண்டு, வேனுக்கு இல்லை.

2009இல் ரியா வாயா என்ற விரைவுப் பேருந்து வந்தது; வேன் உரிமையாளர்களுக்கு அதில் பங்கும் தந்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1994க்குப் பிறகு மக்களாட்சி அரசு ஏழைகளுக்கு இலவச வீடுகளை லட்சக்கணக்கில் கட்டியது. நிலம் மலிவு என்பதால் அவற்றில் பலவற்றை நகரின் ஓரத்திலேயே கட்டியது. பழைய தூரம் அப்படியே நீடித்தது.

வேன்களை ஒழுங்குபடுத்துவது அவசியம். அதைவிட முதன்மையானது, ஏழைகளின் வீடுகளை வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் கட்டுவது. நம் ஊரில் அடுத்த குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது, அங்கிருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று நீங்களும் கேளுங்கள்.