சும்மா ஆட்டமா அது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு அஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். அது எனக்கே தெரியாத விஷயம். எனக்குத் தெரிந்தது கால்பந்து. ஆகவே, நான் நேரில் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2006 ஜூலை 22. லண்டனில் ஆர்சனல் அணியின் புத்தம் புதிய எமிரேட்ஸ் அரங்கில் முதல் ஆட்டம். வந்திருந்த அணி ஆலந்து நாட்டின் அயாக்ஸ். சீசன் தொடங்கும் முன் ஆடும் நட்பு ஆட்டம்தான். பட்டியலில் புள்ளி கிடையாது, கோப்பை கிடையாது. புது அரங்கம் என்பதால் இடத்தை முழுதும் நிரப்பாமல், சுமார் 54 ஆயிரம் பேரை மட்டும் உள்ளே விட்டு ஒத்திகை பார்த்தார்கள்.

நான் போன நிலைமையைச் சொல்ல வேண்டும். ஒப்பந்த வேலை முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நேரம். அந்த ஆண்டுச் சந்திப்புக்கு இந்தக் கல்லூரியிலிருந்து வந்த அழைப்பு, பிரித்தபடி மேஜையில் கிடந்தது. 'கையில் வேலை இல்லாமல் எந்த முகத்தோடு போவது? ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்த பிறகு பார்க்கலாம்' என்று பதிலே போடவில்லை. நண்பர் ஒருவர் டிக்கெட் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனார். "சும்மா ஆட்டம்தானேடா" என்று முனகிக்கொண்டே போனேன்.

அது டென்னிஸ் பெர்க்காம்பின் பிரிவு உபசார ஆட்டம். அயாக்ஸில் வளர்ந்து, 1995 முதல் 11 ஆண்டுகள் ஆர்சனலில் ஆடியவர். அவருடைய அப்பா முதல் பந்தை உதைத்துத் தொடங்கி வைத்தார். முதல் பாதியில் இரு அணிகளின் இன்றைய ஆட்டக்காரர்கள். இரண்டாம் பாதியில் பழையவர்கள்! ஆர்சனல் பக்கம் இயன் ரைட், வியேரா, ஓவர்மார்ஸ். அயாக்ஸ் பக்கம் 59 வயது யோஹன் கிராய்ஃப். கணுக்கால் காயத்தால் 30 வயதிலேயே ஓய்வு பெற்ற வான் பாஸ்டன். தொப்பை தெரிந்தது, மூச்சு வாங்கியது. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் பழைய கை எழுத்து அப்படியே இருந்தது. இங்கே காலையில் நம் ஆட்கள் கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பாதிதான் பொருந்தும்!

புது வீட்டில் முதல் கோலை அடித்தது விருந்தாளி, அயாக்ஸின் ஹுண்டலார். பிறகு தியரி ஹென்ரி சமன் செய்தார். வெற்றிக் கோலை அடித்தவர் நைஜீரியாவின் கானு. 2–1.

இந்தக் கானு யார் தெரியுமா? அயாக்ஸ், ஆர்சனல் இரண்டுக்கும் முன்னாள் மாணவர். 1996இல் இதய வால்வில் கோளாறு என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இனி ஆட்டமே இல்லை என்றார்கள், ஆடினார். ஆனால் அந்த ஜூலை மாதம் அவருக்கு எந்த அணியும் இல்லை. பழைய அணி விடுவித்துவிட்டது, புதிய அணி இன்னும் கிடைக்கவில்லை. நம் பாஷையில் சொன்னால், வேலை இல்லை. அவர் மட்டும் 'ஒரு இடம் கிடைக்கட்டும், அப்புறம் வருகிறேன்' என்று வீட்டில் இருந்திருந்தால்?

நண்பர்களே, அந்த வெற்றியால் ஆர்சனலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த மாதம் அதே அரங்கில் முதல் லீக் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவோடு 1–1 சமன். அடுத்த கோப்பை 2014இல்தான் வந்தது. கானு அந்த ஆகஸ்டில் போர்ட்ஸ்மவுத்தில் சேர்ந்தார், 2008 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்? ஹென்ரி இன்றைய மாணவர், கானு பழைய மாணவர். ஆளுக்கு ஒரு கோல். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் அந்த டிசம்பரில், வேலை இல்லாமலேயே, இந்த வாசலுக்கு வந்தேன். "இப்ப எங்கடா இருக்கே?" என்றான் ஒருத்தன். "வீட்டில்தான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பந்தியில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இன்றும் நம் செட்டில் நாலைந்து நாற்காலி காலி. ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்று இரவே அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். எங்கே வேலை என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை வருகிறாயா என்று மட்டும் கேளுங்கள்.

இது சும்மா ஆட்டம்தான். புள்ளி கிடையாது. வாங்க, ஆடலாம்.